டிராகன் பறக்கும் ஊரில் எது தற்செயல்?

வகுப்பில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரிலிருந்து ஒரு காட்சியைப் போட்டுவிட்டு, பெண்களை ஏன் இப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால், பின்வரிசையிலிருந்து ஒரு பதில் தவறாமல் வரும்: “அந்தக் காலத்துல அப்படித்தான சார் இருந்துச்சு.” எந்தக் காலத்தில்? வெஸ்டெரோஸ் என்று ஒரு கண்டம் இருந்ததே இல்லை. அங்கே ஒரு கோடை பல ஆண்டுகள் நீளும், செத்தவர்கள் எழுந்து நடப்பார்கள், டிராகன்கள் பறக்கும். கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ரோஜாப் போர்களிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார் என்பது உண்மைதான். ஆனால் எடுத்தவர் பலவற்றை விடவும் செய்தார். அவர் எதை எடுத்தார், எதை விட்டார், தொலைக்காட்சிக்காரர்கள் எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்று கேட்கப் பழகுவதற்குத்தான் இந்த அத்தியாயம்.

ஒரு சின்னச் சம்பவம். 2019 மே 5 அன்று ஒளிபரப்பான எட்டாவது சீசனின் நான்காம் பகுதியில், விருந்து மேசையில், கதையின் முக்கியப் பாத்திரமான டேனேரிஸுக்கு முன்னால் ஒரு காபி கப் இருந்தது. காகிதக் கப், மேலே மூடி. படப்பிடிப்பில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது. அடுத்த நாளே உலகம் முழுக்க அது செய்தி. தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ நிறுவனம் அதைக் கணினியில் அழித்துவிட்டுக் காட்சியை மறுபடி ஏற்றியது. சென்னைத் தெருவில் எடுக்கும் ஒரு தொடரில் டீக்கடையும் ஆட்டோவும் தானாகவே ஃப்ரேமுக்குள் வந்துவிடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். கற்பனை உலகத்தில் ஒரு கோப்பைகூடத் தானாக வர முடியாது. வந்தால் அது விபத்து, அழிக்கப்பட வேண்டியது. அழிக்கப்படாமல் திரையில் இருக்கும் மற்ற எல்லாமே யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தது: துணியின் நிறம், தோலின் நிறம், உச்சரிப்பு, யார் முகத்துக்கு க்ளோஸ்-அப் என்பது உட்பட. ஊடகப் பகுப்பாய்வு பழகுவதற்கு ஃபேன்டஸி தொடரைவிட வசதியான களம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் நேர்செய்துகொள்வோம். ஊடக மொழி என்றால் கேமரா, எடிட்டிங், ஒலி, கேமராவுக்கு முன்னால் அடுக்கி வைக்கப்பட்டவை என்ற நான்கும் சேர்ந்தது. கடைசியாகச் சொன்னதைப் பாடப்புத்தகங்கள் மிஸான்சென் என்கின்றன. செட், உடை, ஒப்பனை, வெளிச்சம், நடிகர் நிற்கும் இடம் எல்லாம் அதில் அடக்கம். இரண்டாவது சொல்லுக்குப் பிரதிநிதித்துவம் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அதைக் கேட்டவுடன் நமக்குச் சட்டமன்றத் தொகுதி ஞாபகம் வருவதால் நான் சித்திரிப்பு என்றே எழுதுகிறேன். ஒரு கூட்டத்தாரை, ஒரு பாலினத்தை, ஓர் ஊர்க்காரரைத் திரையில் எப்படிக் கட்டி எழுப்புகிறார்கள் என்பதே சித்திரிப்பு. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் அழுத்திச் சொன்னதும் இதைத்தான்: படம் உலகத்தை அப்படியே திருப்பிக் காட்டும் கண்ணாடியாக இருப்பதில்லை, பொருளை அது உண்டாக்குகிறது. முதல் சொல் கருவி. இரண்டாவது, அந்தக் கருவியால் செய்யப்பட்ட பொருள். இரண்டையும் தனித்தனியாக எழுதுபவர்கள்தான் மதிப்பெண் இழக்கிறார்கள்.

ஐந்து நிமிடம் போதும்

எட்டு சீசன்கள், 73 பகுதிகள். முழுவதையும் ஆராயப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். நான்கைந்து நிமிடத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் யாரோ ஒருவருக்கு அதிகாரம் கூடவோ குறையவோ வேண்டும். அப்போதுதான் கேமராவுக்கு வேலை இருக்கும். தணிக்கையில் வெட்டப்பட்ட வடிவத்தை வைத்து ஆய்வு எழுதாதீர்கள். நீங்கள் பாராட்டும் ‘கட்’ தணிக்கைக்காரருடையதாக இருந்துவிடலாம்.

முதல் முறை சும்மா பாருங்கள். பேனா கையில் இருக்கக் கூடாது. எங்கே தொண்டை அடைத்தது, எங்கே சலிப்புத் தட்டியது என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டாவது முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூன்றாவது முறை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காதால் மட்டும் கேளுங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் இந்த மூன்றாவது முறையில்தான் மாணவர்கள் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள். நான்காவது முறை ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தி, ஒரு தாளில் ஷாட் எண், அதில் இருப்பவர், அளவு, எத்தனை விநாடி என்று குறியுங்கள். சலிப்பான வேலைதான். வேறு வழியில்லை.

மூன்றாவது முறையின் பலன் தெரிய வேண்டுமானால், மூன்றாவது சீசனின் ஒன்பதாம் பகுதியை எடுங்கள். 2013-இல் வந்தது, டேவிட் நட்டர் இயக்கியது, ‘சிவப்புத் திருமணம்’ என்று பெயர் பெற்றது. கல்யாண விருந்து நடக்கிறது. மாடத்தில் வாத்தியக்காரர்கள் ஏதோ வாசிக்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது, பாட்டு மாறுகிறது. அது லானிஸ்டர் குலத்தின் பாட்டு. எதிர்த்த குலம் ஒன்றை அவர்கள் பூண்டோடு அழித்த கதை அந்தப் பாட்டில் இருக்கிறது என்பதை, முந்தைய பகுதியில்தான் அந்தக் குலத்துச் செர்சே ஒரு விருந்தில் மார்ஜரியிடம் விளக்கியிருப்பாள். நமக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பகுதியிலேயே பரீட்சை வைத்தார்கள் என்று சொல்லலாம். விருந்தாளியாக வந்திருக்கும் கேட்லினின் முகத்தில் முதலில் தெரிவது பயம் இல்லை. காது கொடுத்துக் கேட்கும் ஒருத்தியின் முகம் அது. பிறகு பக்கத்தில் இருப்பவரின் சட்டைக் கைக்கு உள்ளே இரும்பு வளையக் கவசம் தெரிகிறது. அதற்குப் பிறகுதான் கத்தி. கடைசியில் திரை கறுப்பாகி, பெயர்ப்பட்டியல் இசையே இல்லாமல் ஓடுகிறது. வாராவாரம் ரமின் ஜவாடியின் இசையோடு எழுந்து போய்ப் பழகிய பார்வையாளர்களுக்கு அந்த மௌனமே செய்தி. ‘ஒலி’ என்ற தலைப்பில் மௌனத்தையும் எழுத மறக்காதீர்கள்.

எழுத்துக்கும் குரலுக்கும் நடுவில்

ஃபேன்டஸி தொடரில் அதிகம் கவனிக்கப்படாத கருவி சப்டைட்டில். இந்தத் தொடருக்காக டேவிட் ஜே. பீட்டர்சன் என்ற மொழியியலாளர் டோத்ராக்கி, வலீரியன் மொழிகளை இலக்கணத்தோடு உருவாக்கினார். அஸ்டாபோர் நகரத்து அடிமை வியாபாரி தன் மொழியில் டேனேரிஸை அசிங்கமாகத் திட்டுகிறான். மொழிபெயர்ப்பாளரான மிசாண்டே அதையெல்லாம் மெருகேற்றி, மரியாதையாக மாற்றிச் சொல்கிறாள். திட்டியது நமக்கு எழுத்தில் தெரிகிறது. டேனேரிஸுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். அவளைவிட நமக்கு அதிகம் தெரியும் என்ற சின்னக் கர்வத்தைத் தொடர் நம்மிடம் ஊட்டி வளர்க்கிறது. மூன்றாவது சீசனின் நான்காம் பகுதியில் அவள் வலீரியன் மொழியிலேயே சரளமாகப் பதில் சொல்லும்போது, வியாபாரியோடு சேர்ந்து நாமும் ஏமாந்து நிற்கிறோம். ஏறிக்கொண்டிருந்த அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதை ஒரு வரி எழுத்து இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது.

அதே இடத்தில் ஒரு சங்கடமான கேள்வியும் கேட்கலாம். இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று, இருவர் சொல்வதையும் முழுதாக அறிந்தவள் மிசாண்டே. அவள் என்ன நினைத்தாள்? அதற்கு எத்தனை ஷாட் கொடுத்தார்கள்? எண்ணிப் பாருங்கள்.

உச்சரிப்பு தமிழ்ப் பார்வையாளர்களுக்குக் கொஞ்சம் கடினம். சப்டைட்டில் எல்லா உச்சரிப்பையும் ஒரே எழுத்தாக்கிவிடும். நெல்லைப் பேச்சையும் கோவைப் பேச்சையும் காதால் பிரிப்பது நமக்கு எப்படி இயல்போ, அப்படித்தான் ஆங்கிலேயருக்கு யார்க்ஷயர் பேச்சும் லண்டன் மேட்டுக்குடிப் பேச்சும். வடக்கத்திப் பிரபு நெட் ஸ்டார்க்காக நடித்த ஷான் பீன் ஷெஃபீல்டுக்காரர். லண்டனில் பிறந்த கிட் ஹாரிங்டனும் அதே வடக்கத்திப் பேச்சைப் பழகிக்கொண்டு ஜான் ஸ்னோவாகப் பேசினார். எதிரே லானிஸ்டர் வீட்டில் டென்மார்க்கைச் சேர்ந்த நிகோலாய் காஸ்டர்-வால்டாவும், அமெரிக்கரான பீட்டர் டிங்க்லேஜும் தெற்கின் மேட்டுக்குடி ஆங்கிலம் பேசினார்கள். வடக்கு என்றால் கரடுமுரடு ஆனால் நேர்மை, தெற்கு என்றால் நாகரிகம் ஆனால் சூது: பிரிட்டன் தன்னைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லிக்கொள்ளும் கதை இது. டிராகன் ஊரிலும் அதுவே ஓடுகிறது.

அம்மா என்று அழைக்கும் கூட்டம்

இப்போது இந்த அத்தியாயத்தின் முக்கியமான காட்சிக்கு வருவோம். மூன்றாவது சீசனின் இறுதிப் பகுதி, கடைசி சில நிமிடங்கள். 2013 ஜூன் 9 அன்று ஒளிபரப்பானது. யுங்காய் நகரத்து மதிலுக்கு வெளியே டேனேரிஸ் தன் படையோடு காத்திருக்கிறாள். வாசல் வழியாக, அவள் விடுவித்த அடிமைகள் வந்து நிற்கிறார்கள். மிசாண்டே அறிமுகம் செய்கிறாள். கூட்டத்திலிருந்து ஒரு குரல் ‘மிசா’ என்கிறது. அம்மா என்று பொருள். குரல் பெருகுகிறது. அவள் காவலர்களைத் தாண்டிக் கூட்டத்துக்குள் நடக்கிறாள். அவளைத் தூக்கிக்கொள்கிறார்கள். கேமரா மேலே போகிறது, இன்னும் மேலே. நடுவில் நீல உடையில் வெளுத்த கூந்தலோடு ஒரு புள்ளி. சுற்றிலும் மண் நிறத்தில் மண் நிற உடையோடு வட்டம் வட்டமாக மனிதர்கள்.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இசை இருக்கும்போது இது வெற்றி. எழுந்து கொண்டே போகும் பாடகர் குழுவின் குரல் நம் சந்தேகத்தையும் சேர்த்துத் தூக்கிச் சென்றுவிடும். இசை இல்லாமல் பார்த்தால் மிஞ்சுவது ஒரு வரைபடம்: மையத்தில் ஒருத்தி, விளிம்பில் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரில் பெயர் உள்ளவர் எத்தனை பேர்? தன் விடுதலையைப் பற்றி ஒரு முழு வாக்கியம் பேசியவர் யார்? உயரமான ஷாட் வழக்கமாக மனிதரைச் சிறியவராக்கும். இங்கே ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரையும் அது சிறியவராக்குகிறது. மேல்நோக்கிப் போகும் கேமராவின் கண்ணுக்கு, கூட்டம் ஒரு கோலமாகிவிடுகிறது.

ஒளிபரப்பான சில நாள்களிலேயே இது வெள்ளை ரட்சகக் கதை என்ற விமர்சனம் எழுந்தது. மார்ட்டின் தரப்பு விளக்கமும் வந்தது: நாவலில் அடிமைத்தனத்துக்கும் தோல் நிறத்துக்கும் தொடர்பில்லை, பல நிறத்தவரும் அடிமைகள், படப்பிடிப்பு மொராக்கோவில் நடந்ததால் துணை நடிகர்கள் உள்ளூர்க்காரர்கள். இந்த விளக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். பகுப்பாய்வில் அதற்கு இடம் உண்டு. சித்திரிப்பை எழுத்தாளரின் கருத்து மட்டும் தீர்மானிப்பதில்லை, எந்த நாட்டில் கேமரா வைத்தார்கள், துணை நடிகர்களை எங்கே திரட்டினார்கள் என்பவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனாலும் என் தீர்ப்பு மாறவில்லை. மேலிருந்து எடுக்கும் ஷாட் மொராக்கோவில் தானாக முளைத்ததில்லை. கூட்டத்துக்கு நடுவில், ஆள் உயரத்தில் கேமராவை நிறுத்தியிருந்தால் அதே துணை நடிகர்களின் முகங்கள் தெரிந்திருக்கும்.

இங்கே எட்வர்ட் சயீதின் 1978-ஆம் ஆண்டு நூலை, கீழைத்தேயவாதம் பற்றியதை, மேற்கோள் காட்ட மாணவர்களுக்குக் கை துறுதுறுக்கும். காட்டலாம். வெஸ்டெரோஸ் மேற்கில் இருக்கிறது, இந்த அடிமை நகரங்கள் இருக்கும் எஸ்ஸோஸ் கண்டம் கிழக்கில் இருக்கிறது. மேற்கில் அரசியல் நடக்கிறது, கிழக்கில் அடிமைச் சந்தையும் குதிரைக் கூட்டமும் இருக்கின்றன என்பதெல்லாம் அவர் சொன்னதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் ஷாட்டைப் பற்றி எழுதாமல் சயீதைப் பற்றி மட்டும் எழுதினால் அது வேறு பாடத்துக்கான விடைத்தாள்.

யாருடைய முகம்?

அடுத்த காட்சி கடுமையானது. வகுப்பில் போடுவதற்கு முன் எச்சரித்துவிட்டுப் போடுங்கள், வெளியே போக விரும்புபவர்களைப் போக விடுங்கள். ஐந்தாவது சீசனின் ஆறாம் பகுதி, 2015 மே. நெட் ஸ்டார்க்கின் மகள் சான்சாவின் திருமண இரவில் கணவன் ராம்சே அவளை வல்லுறவுக்கு உள்ளாக்குகிறான். அவளோடு சிறுவயதில் ஒரே வீட்டில் வளர்ந்த தியோன் பார்த்துக்கொண்டு நிற்க வைக்கப்படுகிறான். நாவலில் இந்தக் கொடுமைக்கு ஆளாவது சான்சா இல்லை. ஜெய்ன் பூல் என்ற வேறொரு பெண். தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு பாத்திரங்களையும் ஒன்றாக்கினார்கள். தேர்வு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இது நேரடி உதாரணம்.

கேமரா என்ன செய்கிறது? வன்முறையைக் காட்டாமல் விலகி, தியோனின் முகத்துக்கு நெருங்கி வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. சான்சாவின் குரல் மட்டும் கேட்கிறது. இதற்கு இரண்டு வாசிப்புகள் உண்டு. பெண்ணின் உடலை வேடிக்கைப் பொருளாக்காமல் கேமரா முகத்தைத் திருப்பிக்கொண்டது, அது கண்ணியம் என்பது ஒன்று. திரைக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-இல் விளக்கிய ஆண் பார்வையைத் தெரிந்தே தவிர்த்த ஷாட் என்றுகூட ஒருவர் வாதாடலாம். அவளுக்கு நேர்ந்தது அவனுடைய வேதனையாக மாற்றப்பட்டுவிட்டது என்பது இரண்டாவது வாசிப்பு. தேர்வில் இரண்டையும் எழுதுங்கள், பிறகு ஒரு பக்கம் நில்லுங்கள். நான் இரண்டாவது பக்கம். உடலைக் காட்டாமல் இருக்க அவளுடைய முகத்திலேயே நின்றிருக்கலாமே? கேமராவுக்கு அந்த அறையில் இரண்டு முகங்கள் கிடைத்தன.

இத்தோடு நிறுத்தாமல், எட்டாவது சீசனில் சான்சா அந்தத் துன்பங்கள் இல்லாவிட்டால் தான் சின்னப் பறவையாகவே இருந்திருப்பேன் என்ற பொருளில் பேசும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். சித்திரிப்பு ஒரு காட்சியில் முடிவதில்லை. வல்லுறவு ஒரு பெண்ணைப் பக்குவப்படுத்தும் பள்ளிக்கூடம் என்று மூன்று சீசன் கழித்து வசனம் எழுதியபோது, பழைய ஷாட்டின் பொருளும் கெட்டுப்போனது.

எச்பிஓ சந்தாவில் ஓடும் சேனல், விளம்பரதாரரின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாதது என்பதையும் ஓரிடத்தில் குறிப்பிடுங்கள். முதல் சீசனிலேயே, பின்னணியில் நிர்வாண உடல்களை வைத்துக்கொண்டு முன்னால் ஒருவர் நீளமாகக் கதை விளக்கம் சொல்வதைப் பார்த்து, மைல்ஸ் மக்நட் என்ற விமர்சகர் 2011-இல் அதற்கு ‘செக்ஸ்பொசிஷன்’ என்று பெயர் வைத்தார். யார் பேசுகிறார், யார் அலங்காரமாக நிற்கிறார் என்பதை எண்ணினால் அந்தப் பெயரின் நியாயம் விளங்கும்.

எல்லாமே குறைதானா என்று கேட்பீர்கள். லானிஸ்டர் வீட்டு டிரியனைப் பாருங்கள். உயரம் குறைந்த மனிதரைக் கோமாளியாகவோ குட்டிச்சாத்தானாகவோ மட்டும் வைத்துப் பழகிய திரையில், டிங்க்லேஜுக்குக் கதையின் கூர்மையான மூளையைக் கொடுத்தார்கள். நான்கு எம்மி விருதுகளை அவர் வாங்கினார். நான்காவது சீசன் விசாரணைக் காட்சியில் அப்பா டைவின் சிம்மாசனத்தின் உயரத்தில், மகன் கூண்டில். தான் குள்ளனாகப் பிறந்ததற்காகவே இத்தனை நாளும் விசாரிக்கப்படுகிறேன் என்று டிரியன் வெடிக்கும் அந்தப் பேச்சின்போது, கேமரா யாருடைய கண் மட்டத்தில் நிற்கிறது என்று ஷாட் ஷாட்டாகக் குறித்து வாருங்கள். விடையை நான் சொல்லப் போவதில்லை.

எழுதும்போது

பெரும்பாலான விடைத்தாள்கள் இப்படித் தொடங்கும்: “டேனேரிஸ் அடிமைகளை விடுதலை செய்கிறாள். மக்கள் அவளை அம்மா என்று அழைக்கிறார்கள். இது அவளுடைய நல்ல மனதைக் காட்டுகிறது.” இது கதைச் சுருக்கம். தொடரைப் பார்க்காமல் நண்பனிடம் கேட்டும் இதை எழுதிவிடலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: “கூட்டம் அவளைத் தூக்கியதும் கேமரா நேர் மேலே உயர்கிறது. அவளுடைய நீல உடையும் வெளுத்த கூந்தலும் மண் நிறக் கூட்டத்திலிருந்து அவளைப் பிரித்துக் காட்ட, மற்றவர்களின் முகங்கள் மறைந்து வட்டமான ஒரு வடிவம் மட்டும் எஞ்சுகிறது. விடுதலை பெற்றவர்கள் தம் விடுதலையின் பின்னணியாக ஆக்கப்படுகிறார்கள்.” மூன்று வாக்கியங்களிலும் ‘இது காட்டுகிறது’ என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேமரா செய்த ஒரு காரியம், அதனால் கண்ணுக்குக் கிடைத்தது, அதனால் ஒரு கூட்டத்தார் என்ன ஆனார்கள் என்ற வரிசையில் அவை நகர்கின்றன.

“லோ ஆங்கிள் என்றால் அதிகாரம்” போன்ற சூத்திரங்களை மறந்துவிடுங்கள். கழுமரத்தில் ஏற்றிய தலையையும் கீழிருந்துதான் எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு பயிற்சி. இதே உலகத்தில் நடக்கும் ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ 2022 ஆகஸ்ட் 21 அன்று தொடங்கியது. அதில் வெலாரியன் குலத்தினருக்கு வெள்ளி முடி அப்படியே இருக்க, ஸ்டீவ் டூசான்ட் உள்ளிட்ட கறுப்பின நடிகர்களை நடிக்க வைத்தார்கள். ரசிகர்களில் ஒரு பகுதியினர், டிராகனை நம்பியவர்கள், இதை நம்ப மாட்டோம் என்றார்கள். அந்த நடிகர்கள் இல்லாமலும் கதை நகர்ந்திருக்கும் என்று நினைப்பதற்கு முன், முதல் சீசனிலிருந்து கோர்லிஸ் வெலாரியன் அரசவையில் பேசும் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், பேசும்போது யாருடைய முகத்துக்குக் ‘கட்’ ஆகிறது, அவருடைய வாக்கியத்தை யார் குறுக்கிடுகிறார் என்று குறியுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். எழுதி முடிக்கும்வரை மற்றவர்கள் எழுதிய விமர்சனம் எதையும் படிக்காதீர்கள். மிசா காட்சியைப் பற்றி மேலே நான் எழுதியது உங்களுக்கு ஒப்பாவிட்டால், அதே ஷாட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு என்னை மறுத்து எழுதுங்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு.